பழைய கோல்ட் பைத்தான் ரிவால்வருக்கு நியாயமான விலை எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பழைய ரிவால்வர் சேகரிப்பவர்கள் நடுவே அதிகம் பேரம் பேசப்படுபவற்றில் ஒன்று கோல்ட் கம்பெனியின் பைத்தான். 1955-இல் வெளிவந்தது. .357 மேக்னம் தோட்டா போடுவது. வந்த புதிதில் விலை 125 டாலர். இன்று ஒரு பழைய பைத்தான் இரண்டாயிரம் டாலருக்கும் போகிறது, இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், விலை தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

பெரும்பாலும் பைத்தானை வைத்தே சொல்கிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிகளுக்கும் வழி இதேதான்; மாறும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

விலையை முதலில் எங்கே பார்ப்பது?

கைமாறிய விலையைப் பாருங்கள். கேட்கிற விலைக்கு வரம்பே கிடையாது. ஒருவர் தன் துப்பாக்கிக்கு எட்டாயிரம் டாலர் என்று எழுதி ஒரு வருடம் அப்படியே வைத்திருக்கலாம். கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களை மட்டும் தேட வழி இருக்கிறது. அதிலும் யாரும் கேட்காமல் முடிந்தவற்றைத் தள்ளிவிடுங்கள். அதே பேரல் நீளம், அதே பூச்சு, ஏறத்தாழ அதே வருடம் என்று ஐந்தாறு விற்பனைகள் கிடைத்தால் போதும். அதில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்குங்கள். இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றிய விலை சந்தை விலை ஆகாது. மங்கலான படம் போட்டு மலிவாகப் போனதும் அப்படித்தான்.

ராக் ஐலண்ட் போன்ற பெரிய ஏல நிறுவனங்களும் பழைய முடிவுகளைப் பொதுவில் வைத்திருக்கின்றன. அங்கே ஏலச் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஒரு நல்ல சதவீதம் ஏறும். நீங்கள் பார்க்கும் தொகை அது சேர்ந்ததா, சேராததா என்று தெரிந்துகொண்டு ஒப்பிடுங்கள்.

அச்சில் வரும் விலைக் கையேடுகள் உதவும், ஆனால் அவை சந்தைக்குக் கொஞ்சம் பின்னால்தான் நடக்கும். எந்த மாதிரி அபூர்வம், எதற்கு எவ்வளவு கூடுதல் என்ற விகிதத்தை அதில் பாருங்கள்; தொகையை ஏலத்தில் பாருங்கள்.

பழையது என்றால் விலை கூடுமா?

வயதுக்கென்று தனி விலை இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1935-இல் .357 மேக்னம் ரிவால்வரை முதன்முதலில் கொண்டுவந்தபோது, ஒவ்வொன்றையும் வாங்குபவர் கேட்டபடி செய்து பதிவு எண்ணோடு கொடுத்தது. விலை 60 டாலர். முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. பொருளாதார மந்தத்தின் நடுவில் ஏறத்தாழ ஐந்தாயிரம் மட்டுமே செய்தார்கள். ஆகவே இன்று அவற்றுக்குப் பெரிய விலை. அதே காலத்தில் அதே கம்பெனி லட்சக்கணக்கில் செய்த சாதாரண .38 போலீஸ் ரிவால்வர் சில நூறு டாலருக்குக் கிடைக்கும். எத்தனை செய்தார்கள், எத்தனை பேருக்கு அது வேண்டும், எவ்வளவு கெடாமல் இருக்கிறது, இந்த மூன்றும்தான் விலையைத் தூக்குகின்றன.

தேவை என்பது திடீரென்றும் வரும். 1971-இல் வந்த ஒரு போலீஸ் படத்துக்குப் பிறகு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29-க்குப் பட்டியல் விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கினார்கள். 2010-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கையில் பைத்தான் இருந்தது. அதன் பிறகான ஆண்டுகளில் பைத்தான் விலை ஏறிய வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

‘95 சதவீதம்’, ‘98 சதவீதம்’ என்று எழுதுகிறார்களே, அது என்ன?

தொழிற்சாலையில் போட்ட பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதன் கணக்கு. துப்பாக்கி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை அது சொல்லாது. 98-க்கும் 90-க்கும் நடுவே காகிதத்தில் எட்டுதான் வித்தியாசம்; விலையில் நான்கில் ஒரு பங்குகூடப் போய்விடும். மேலே போகப் போக ஒவ்வொரு சதவீதமும் விலை கூடியது. எழுபதுக்குக் கீழே வந்தால் ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள்.

விற்பவர் சொல்லும் எண்ணிலிருந்து மனசுக்குள் ஐந்தைக் கழித்துவிட்டுத்தான் நான் பார்க்க ஆரம்பிப்பேன். ஏமாற்று என்று சொல்லவில்லை. தன் பொருளை யாரும் கொஞ்சம் அன்போடுதான் பார்ப்பார்கள்.

இன்னொன்று: அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த நிலைப் பெயர்கள் நவீனத் துப்பாக்கிக்கு ஒரு மாதிரி, பழம்பொருளுக்கு வேறு மாதிரி. பழம்பொருள் அளவில் ‘மிக நன்று’ என்றால் பூச்சு முப்பது சதவீதமோ, கொஞ்சமும் இல்லாமலோகூட இருக்கலாம். நவீன அளவில் அதே பெயருக்கு அர்த்தம் வேறு. எந்த அளவில் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

மறுபூச்சு போட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பணம் அதிகம் போவது இங்கேதான். பளபளவென்று மின்னும் மறுபூச்சுத் துப்பாக்கிக்கு, தேய்ந்து கிடக்கும் அசல் பூச்சுத் துப்பாக்கியைவிடச் சேகரிப்பாளர் குறைவாகத்தான் கொடுப்பார். மறுபூச்சு என்று உறுதியானால் அதே தோற்றமுள்ள அசலின் விலையில் பாதிவரை இறங்கும்.

பைத்தானின் ‘ராயல் ப்ளூ’ என்ற நீலப் பூச்சுக்கு அடியில் நீண்ட நேரக் கைப் பாலிஷ் இருக்கிறது. அந்த மெருகு கண்ணாடிபோல் இருந்தாலும் விளிம்புகள் கூர்மையாக நிற்கும். பிற்பாடு ஒருவர் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் முதலில் போவது அந்தக் கூர்மைதான். பல வருடம் புளி போட்டுத் தேய்த்த வெண்கல விளக்கில் வேலைப்பாடு மழுங்குவதுபோல், எழுத்தும் விளிம்பும் மழுங்கிவிடும்.

எங்கே பார்க்க வேண்டும்? பேரலில் இருக்கும் எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் ஆழமாகவும் இன்னொரு பக்கம் ஆழமில்லாமலும் இருந்தால் தேய்த்திருக்கிறார்கள். பக்கவாட்டில் பொறித்திருக்கும் முன்னங்கால் தூக்கிய குதிரைச் சின்னத்தின் கோடுகள் தெளிவாக இருக்கின்றனவா? ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி உலோகம் லேசாகக் குழிந்திருக்கிறதா? பக்கத் தகடும் சட்டமும் சேரும் கோடு முடிபோல மெல்லியதாக இருக்க வேண்டும். அங்கே விரலில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் சந்தேகம்தான். துருப் புள்ளிகளுக்கு மேலேயே நீலம் படர்ந்திருந்தால் சந்தேகம்கூட வேண்டாம், மறுபூச்சுதான்.

நிக்கல் முலாமில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு எளிய வழி உண்டு. தொழிற்சாலை நிக்கலில் ஹாமருக்கும் (பின்பக்கம் விரலால் இழுக்கும் பகுதி) ட்ரிகருக்கும் முலாம் போட மாட்டார்கள். அவை பல வண்ணம் கலந்த கடினப்படுத்திய எஃகாகவே இருக்கும். அவையும் வெள்ளையாக மின்னினால் வெளியே எங்கேயோ போட்டது. அந்தக் கம்பெனியே திரும்ப வாங்கிப் பூசிக் கொடுத்தவற்றில், கைப்பிடிக்கு அடியில் நட்சத்திரக் குறி இருக்கும். தொழிற்சாலை மறுபூச்சுக்கு வெளி ஆள் போட்டதைவிடக் கொஞ்சம் மரியாதை உண்டு, ஆனால் அசல் விலை கிடையாது.

உள்ளே இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் சிலிண்டரை, அதாவது தோட்டா போடும் உருளையைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள். கடைக்காரர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் நீங்களும் பாருங்கள். அப்புறம் அனுமதி கேளுங்கள். வெறுமையாக ட்ரிகர் அழுத்துவதைப் பலர் விரும்ப மாட்டார்கள்.

பழைய பைத்தானின் பெருமையும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. சிலிண்டரைத் தள்ளித் திருப்பும் சிறு நெம்பு, சுடும் நொடி வரை சிலிண்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ட்ரிகரை முழுக்க அழுத்திப் பிடித்திருக்கும்போது சிலிண்டர் துளிகூட அசையாது. ஆனால் அந்த அழுத்தம் முழுவதும் நெம்பின் நுனியில் விழுவதால், நிறையச் சுட்டால் அந்த நுனி தேயும். தேய்ந்தால் சிலிண்டர் தன் இடத்துக்கு வந்து பூட்டிக்கொள்ளத் தாமதமாகும். ‘டைமிங் போச்சு’ என்பது இதைத்தான்.

சோதனை இப்படி: சிலிண்டரின்மேல் ஒரு விரலை மிக லேசாக வைத்துத் தடை கொடுத்தபடி ஹாமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹாமர் முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் ‘க்ளிக்’ என்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறுவது சகஜம். பிறகு ட்ரிகரை அழுத்திப் பிடித்து, ஹாமர் இறங்கிய நிலையில் சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். கோல்ட்டில் அசைவு இருக்கக் கூடாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் சிறு அசைவு இயல்பு, அதைக் குறையாகச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.

டைமிங் தவறிய பைத்தானைச் சரிசெய்ய முடியும். ஆனால் அந்தப் பழைய இயந்திரத்தைத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன, காத்திருக்க வேண்டியிருக்கும். விலையில் முன்னூறு நானூறு டாலராவது குறைக்காமல் எடுக்காதீர்கள்.

மற்றவை விரைவாக: சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.004 முதல் 0.006 அங்குலம் இருந்தால் நல்லது, 0.008-ஐத் தாண்டினால் யோசியுங்கள். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடக் கூடாது. பேரலின் பின்வாயில் வெடிப்போ அரிப்போ இருக்கிறதா என்று சிறு விளக்கு அடித்துப் பாருங்கள். சினிமாவில் காட்டுவதுபோல் மணிக்கட்டைச் சொடுக்கிச் சிலிண்டரை மூடும் பழக்கம் உள்ளவரிடம் இருந்த துப்பாக்கியில், சிலிண்டர் தாங்கும் கை வளைந்திருக்கும். மூடும்போது சட்டத்துக்கும் அதற்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அதுதான் காரணம். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால், தெரியாத கை ஒன்று உள்ளே போயிருக்கிறது.

எந்தப் பேரல் நீளத்துக்கு விலை அதிகம்?

4 அங்குலமும் 6 அங்குலமும் சாதாரணமாகக் கிடைப்பவை. 2.5 அங்குலத்துக்குக் கூடுதல் விலை. 3 அங்குலம் அபூர்வம். அதனாலேயே போலியும் உண்டு, நீளமான பேரலை அறுத்துக் குறைத்தவற்றை எச்சரிக்கையோடு பாருங்கள். 8 அங்குலம் 1980-இல் வந்தது. பெரிதாகத் தெரிந்தாலும் தேடுபவர் எல்லோருக்கும் அது வேண்டியதில்லை.

பெட்டி, காகிதம், கைப்பிடி இவற்றுக்கு எவ்வளவு?

நினைப்பதைவிட அதிகம். அசல் பெட்டியும் கையேடும் சேர்ந்தால் சில நூறு டாலர் ஏறும். ஆனால் பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரும் துப்பாக்கியில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு நம்பர் உள்ள பெட்டி நல்ல பெட்டிதான், அந்தத் துப்பாக்கியின் பெட்டி கிடையாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பழைய பெட்டிகளில் நம்பரைப் பெட்டியின் அடியில் மெழுகுப் பென்சிலால் எழுதியிருப்பார்கள்.

பைத்தானின் அசல் வால்நட் கைப்பிடிக்குத் தங்க நிறக் கோல்ட் பதக்கம் உண்டு. பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ரப்பர் பிடி போட்டார்கள். அசல் பிடியைத் தனியாகத் தேடி வாங்கப் போனால் சில நூறு டாலர் ஆகும். ரப்பர் பிடியோடு வரும் துப்பாக்கியில் அந்தத் தொகையைத் தாராளமாகக் கழியுங்கள்.

கோல்ட் தளத்தில் சீரியல் நம்பர் கொடுத்தால் செய்த வருடம் தெரியும். அதற்குமேல் உறுதி வேண்டுமென்றால் கம்பெனியின் ஆவணப் பிரிவிலிருந்து கடிதம் வாங்கலாம். எந்தத் தேதியில், யாருக்கு, எந்தப் பூச்சோடு, எந்தப் பேரல் நீளத்தில் அனுப்பினார்கள் என்று அதில் இருக்கும். அதற்குக் கட்டணம் உண்டு. இரண்டாயிரம் டாலர் துப்பாக்கிக்கு அது ஆடம்பரம். நிக்கல், 3 அங்குலம் என்று கூடுதல் விலை கேட்டால் அவசியம்.

‘இது ஷெரிஃப் ஒருவரின் துப்பாக்கி’ என்று சொல்கிறார்கள். கூடுதல் கொடுக்கலாமா?

ஆவணம் இருந்தால் கொடுக்கலாம். 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ஒரு கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. 1881-இல் பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை ஷெரிஃப் பாட் காரெட் சுட்ட துப்பாக்கி அது. அது யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதற்கு எழுத்துப்பூர்வமான சான்று இருந்தது. அந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் அது இன்னொரு பழைய கோல்ட், அவ்வளவுதான்.

தாத்தா சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதைக் கேட்டு ரசியுங்கள். சீரியல் நம்பர் குறிப்பிட்ட பழைய ரசீதோ, கடிதமோ, படமோ இல்லாத கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவரும் உங்களிடம் அதையேதான் கேட்பார்.

2020-இல் புதிய பைத்தான் வந்துவிட்டதே, பழையதன் விலை விழவில்லையா?

பழைய உற்பத்தி 2000-களின் முதற்பாதியில் நின்றுபோனது. 2020 ஜனவரியில் கோல்ட் அதைத் துருப்பிடிக்காத எஃகில், மாற்றியமைத்த இயந்திரத்தோடு, 1,499 டாலர் பட்டியல் விலையில் திரும்பக் கொண்டுவந்தது. சுடுவதற்காக மட்டும் வாங்குபவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். தேய்ந்த, டைமிங் தவறிய பழைய பைத்தானுக்கு அதனால் பேரம் பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. பெட்டியோடு வரும் அசல் ராயல் ப்ளூவைத் தேடுபவர்கள் புதியதைப் பார்த்து மனம் மாறுபவர்கள் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி. கற்பனையாக ஒன்றை எடுப்போம். 1970-களில் செய்த 6 அங்குல நீலப் பைத்தான். ‘95 சதவீதம்’ என்கிறார். ரப்பர் பிடி, பெட்டி இல்லை. கேட்பது 3,600 டாலர்.

அதே மாதிரி, அசல் பிடியோடு, பெட்டி இல்லாமல் 95 சதவீதத்தில் கைமாறியவை 2,800-இலிருந்து 3,200 வரை என்று நீங்கள் தேடிக் கண்டதாக வைப்போம். நடுவே 3,000. கையில் எடுத்துப் பார்த்தால் பேரல் நுனியிலும் சிலிண்டர் விளிம்பிலும் உறை தேய்த்த வெள்ளை. உண்மையில் 90 சதவீதம். அதற்கு 300 கழிக்கிறோம். அசல் பிடி இல்லை, இன்னொரு 300. ஓர் அறையில் பூட்டு தாமதம், 350. மிஞ்சுவது 2,050. அதைச் சொல்லித் தொடங்கி 2,250 வரை போகலாம். அதற்குமேல் அவர் இறங்காவிட்டால் கைகொடுத்துவிட்டு வாருங்கள். பைத்தான் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது, அடுத்தது வரும்.

சிலிண்டரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு விழுந்திருப்பதற்கு மட்டும் நான் கழிக்க மாட்டேன். இயக்கிப் பார்த்த துப்பாக்கியில் அது வரும்.

கடைக்காரர் நான் விற்கும்போது இவ்வளவு குறைவாகக் கேட்கிறாரே?

அவர் சில்லறை விலையில் அறுபது, எழுபது சதவீதம்தான் தருவார். வாடகை, உரிமம், எத்தனை மாதம் விற்காமல் கிடக்குமோ என்ற கணக்கு அவருடையது. கோபப்பட வேண்டாம். அவரிடமே விற்றுத்தரக் கொடுத்தால் பதினைந்து இருபது சதவீதம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். அவசரம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி.

விலைக்கு மேல் வேறு என்ன செலவு?

வேறு மாநிலத்தில் இருப்பவரிடம் வாங்கினால், 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, உங்கள் ஊரில் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் துப்பாக்கி வர வேண்டும். அவர் பின்னணிச் சோதனை செய்து, ஒரு கட்டணமும் வாங்குவார். அனுப்பும் செலவும் மாநில விற்பனை வரியும் தனி. ஏலம் கேட்கும்போதே இவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐம்பது வயது தாண்டிய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று தனிக் கூட்டாட்சி உரிமம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 30 டாலர். ஆரம்பகாலப் பைத்தான்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்தவை கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள். எதுவானாலும் உங்கள் மாநில விதியைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் விதிகள் கடுமை.

படம் மட்டும் பார்த்து வாங்கலாமா?

திருப்பி அனுப்ப மூன்று நாள் அவகாசம் தருபவரிடம் மட்டும். பேரல் நுனி, சிலிண்டரின் முன்பக்கம், ஸ்க்ரூ தலைகள், இரண்டு பக்க எழுத்துகள், சீரியல் நம்பர் ஆகியவற்றின் படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டைமிங் பற்றி எழுத்தில் கேளுங்கள். ‘எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, மாமா சொத்து’ என்று எழுதி, விலையை மட்டும் உச்சத்தில் வைத்திருப்பவரைத் தவிர்ப்பது நல்லது.

இந்தியாவுக்குக் கொண்டுபோக முடியுமா?

அந்த எண்ணத்தோடு வாங்காதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எதுவும் வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்குப் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அங்கே பழைய வெளிநாட்டு ரிவால்வர்கள் லட்சங்களில் விலை போவதற்கு அந்தத் தட்டுப்பாடுதான் காரணம். அந்த விலையை அமெரிக்க விலையோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

வாங்கிய பிறகு சுட்டால் மதிப்பு குறையுமா?

பெட்டியிலிருந்து வெளியே வராத, சிலிண்டரில் கோடுகூட விழாத துப்பாக்கி என்றால் குறையும், சுடாதீர்கள். மற்றவற்றை அளவாகச் சுடலாம். பைத்தானில் வலுவான .357-க்குப் பதில் .38 ஸ்பெஷல் தோட்டா போட்டால் நெம்புக்கும் பேரலின் பின்வாய்க்கும் அழுத்தம் குறையும். சுட்ட அன்றே துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். தோல் உறைக்குள் போட்டு மட்டும் அலமாரியில் வைக்காதீர்கள். தோலில் இருக்கும் ஈரமும் பதனிட்ட ரசாயனமும் நீலப் பூச்சைத் தின்றுவிடும்.